ஊருக்கு ஒரு படம், உங்களுக்கு ஒரு சொல்

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் 9 ஆண்டுகளாகத் துபாயில் கட்டட வேலையில் இருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வருவார். மாமியார், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், நான் மூவரும் இங்கே இருக்கிறோம். தினமும் இரவு 9 மணிக்கு, போனைக் கூடத்தில் டிவி பக்கத்தில் சாய்த்து வைத்து, மூவரும் உட்கார்ந்து வீடியோவில் பேசுவோம். பத்து நிமிடம்கூட ஆகாது. பணம் வந்ததா, பிள்ளை படிக்கிறாளா, அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா, வேறென்ன? அவ்வளவுதான். காலையில் பூப்படத்தோடு ஒரு வணக்கம் வரும். ஆனால் புர்ஜ் கலீஃபா முன்னால் நின்று சிரிக்கிற படத்தை ஃபேஸ்புக்கில் போடுகிறார். அங்கே போனதையே நான் ஊரோடு சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் எவ்வளவோ நடக்கிறது. அவர் நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது கொல்லையில் நட்ட நாரத்தைகூட இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. சொல்ல ஆள் இல்லை.

நான் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) படித்தவள். திருமணத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு லேபில் 3 ஆண்டு வேலை பார்த்தேன். மறுபடி வேலைக்குப் போக வேண்டும். கூடப் படித்த 38 பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். மஸ்கட், கோயம்புத்தூர், சென்னை, தஞ்சாவூர் என்று எல்லோரும் நல்ல இடத்தில் இருக்கிறார்கள். 13 ஆண்டாக யாரிடமும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது போய் வேலை கேட்டால் என்ன நினைப்பார்கள்? இதற்கிடையே ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஒருவர், குவைத்தில் லேப் வேலை இருக்கிறது, பதிவுக்கு 5,000 ரூபாய் அனுப்புங்கள் என்கிறார். மாமியாரோ, "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாய்" என்கிறார். எல்லாக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிடலாமா என்று இருக்கிறது. இந்த உறவெல்லாம் நிஜம்தானா அக்கா?

– பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 5,000 ரூபாய். அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், இதை மேற்கொண்டு படிக்கும் முன் 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதியுங்கள். பணம் போன சூட்டோடு சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் யாராக இருந்தாலும் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. குவைத் வேலை உண்மையிலேயே வேண்டுமென்றால் அங்கே விசாரிக்கலாம். முகம் தெரியாதவருக்குப் 'பதிவுப் பணம்' கட்டிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பத்து நிமிடம். நீங்கள் அழைக்கும் இரவு 9 மணி, துபாயில் 7.30. அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். லீவில் வந்து என்னைப் பார்க்கிற கட்டடத் தொழிலாளர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைத்தான். விடிவதற்கு முன் எழுந்து, பஸ் பிடித்து, நாளெல்லாம் வேலை பார்த்து, மறுபடி பஸ்ஸில், தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்குத் திரும்பும்போது பெரும்பாலும் ஏழு மணி ஆகிவிடுகிறது. குளிக்க வரிசை, சமைக்க அடுப்புக்கு வரிசை. அறையில் ஐந்தாறு பேர். கீழ்க்கட்டிலில் ஒருவர் தன் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார், மேலே ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் அழைப்பு வருகிறது. இந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருப்பது கூடத்தில், மாமியாரும் மகளும் பக்கத்தில். அங்கே ஆறு பேர் கேட்க, இங்கே மூன்று பேர் கேட்க, ஒரு கணவனும் மனைவியும் என்ன பேசிவிட முடியும்? பணம் வந்ததா, மாத்திரை இருக்கிறதா, வேறென்ன. நானாக இருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பேன்.

எனக்கு இது பழகிய காட்சி. என் தாத்தா பினாங்கில் இருந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்களில் ஒருவர். பாட்டிக்கு எழுத்து தெரியாது. நான் மூன்றாம் வகுப்புக்கு வந்ததும், 1970-களின் நடுவில், தாத்தாவின் கடிதங்களை உரக்கப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. திண்ணையில்தான் படிக்க வேண்டும். பெரியப்பா இருப்பார், பக்கத்து வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்துகொள்வார். "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, பணம் அனுப்பிய விவரம், வயல் குத்தகை, யாருக்கு எவ்வளவு என்று போகும். ஒரு கடிதத்தின் கடைசியில், முத்திரை ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி இருந்தது: "நேற்று இங்கே ஒரு வீட்டில் வத்தக்குழம்பு சாப்பிட்டேன், உன் கை மணம் இல்லை." திண்ணையில் அதைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், பாட்டி சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய், துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை நான் படித்து முடிக்கும்போது அவர் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

பாட்டிக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. இடையில் படித்துச் சொல்ல ஆள் தேவையில்லாமல், அவர் காதுக்கு மட்டும் நீங்கள் பேசலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேச வழியில்லை, அதற்கு அனுமதி பெற்ற வேறு செயலிதான் வேண்டும். நீங்களும் அப்படி ஒன்றில்தான் பேசுவீர்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பத் தடை இல்லை. 1980-களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் தெருவில் ஓர் அண்ணி அதைக் கூடத்தில் ஒருமுறை எல்லோருக்கும் ஓடவிட்டு, பிறகு டேப் ரிக்கார்டரை அறைக்குள் தூக்கிக்கொண்டு போவார். குரல் செய்தி என்பது அந்தக் கேசட்தான். அவர் அடுப்புக்கு வரிசையில் நிற்கும்போது கேட்க வேண்டியதில்லை. படுத்த பிறகு, காதில் மாட்டிக்கொண்டு, தனியாகக் கேட்கலாம்.

எனவே இரவு 9 மணி அழைப்பை நிறுத்தாதீர்கள், அது குடும்பத்துக்கு உரியது. அதற்கு வெளியே தினம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், நீங்கள் மட்டும் பேசிய குரல் ஒன்று அவருக்குப் போகட்டும். கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நின்று பேசுங்கள். என்ன பேசுவது என்று கேட்காதீர்கள். எனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பத்தி போதும். குறை சொல்வதை மட்டும் முதல் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். பதிந்த குரலில் வருகிற குறை, நேரில் சொன்னதைவிடக் கடுமையாக விழும். அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டும் இருப்பார்.

இன்னொன்று. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மதியம் 12.30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு. நம் கடிகாரத்தில் அது 2 மணி முதல் 4.30 வரை. அவர் வெளியில் நின்று செய்கிற வேலை என்றால் இது அவருக்கும் பொருந்தும். அந்த நேரத்தில் உங்கள் மகள் பள்ளியில் இருப்பாள், மாமியார் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருப்பார். வாரத்தில் இரண்டு நாள் இரண்டே கால் மணிக்கு அழைத்துப் பாருங்கள். நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் மனிதரும், அடுப்புக்கு வரிசையில் நிற்கும் மனிதரும் ஒருவரே என்றாலும் பேச்சு வேறாக இருக்கும்.

புர்ஜ் கலீஃபா படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. நமக்குச் சொல்லாததை ஊருக்குச் சொன்னால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்தப் படத்தை அவர் யாருக்காகப் போட்டார் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர், பெண் கொடுத்த வீடு, கூடப் படித்து உள்ளூரிலேயே தங்கிவிட்டவர் எல்லோரும் பார்க்கிற இடம் அது. அங்கே இரண்டடுக்குக் கட்டிலையும், சிமென்ட் அரித்த விரல்களையும் படமெடுத்துப் போட முடியாது. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று ஊரின் முன் நிற்க வேண்டிய கட்டாயம் பெரிய பாரம். அதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். "அந்தப் படத்தில் போட்டிருந்த சட்டை எப்போது எடுத்தீர்கள்? யாரோடு போனீர்கள்?" என்று குரல் செய்தியில் கேளுங்கள். ஊருக்குச் சொல்லாத மீதிக் கதை உங்களுக்கு வரும்.

நீங்கள் உணர்வதை ஆராய்ச்சியும் சொல்லியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஆய்வாளராக இருந்த மொய்ரா பர்க்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிராவுட்டும் 1,910 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட பதிவைப் பார்ப்பதாலோ, ஒரே சொடுக்கில் வருகிற லைக்காலோ ஒருவரின் மனநலம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. நெருக்கமானவர், நமக்கென்றே உட்கார்ந்து எழுதிய சொற்கள் வந்தபோதுதான் மேம்பாடு தெரிந்தது. காலையில் வரும் பூப்படம் உங்களைத் தொடாததற்குக் காரணம் உங்கள் மனம் கல்லானது என்று நினைத்துவிடாதீர்கள். அதே பூ இன்னும் நாற்பது பேருக்குப் போயிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அது வருவதை மதியுங்கள். எழுத வராத ஒரு மனிதர், எழுந்ததும் உங்கள் பெயரைத் தேடித் தொட்டிருக்கிறார்.

ஒரு மாதம் வரை உங்கள் குரலுக்குப் பதிலாகப் பூப்படமே வரலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் பள்ளி முடித்துக் கலைந்து போன மாணவர்களைச் சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். தூரம் போன பிறகு பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியது. ஆண்களுக்குப் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, சேர்ந்து ஏதாவது செய்ததுதான் உதவியது. எல்லா ஆணும் அப்படி, எல்லாப் பெண்ணும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் வருகிற குடும்பங்களில், "அவர் பேசவே மாட்டேன் என்கிறார்" என்று மனைவி சொல்லும் கணவர், வேலை ஒன்றைக் கொடுத்தால் அரை மணி நேரம் போனை வைக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அதற்கு வழி இருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் அளவைகள் பாடம், பரப்பளவு எல்லாம் வரும். அவர் கட்டட வேலையில் இருப்பவர், நாள் முழுவதும் நீள அகலத்தோடுதான் வாழ்கிறார். வேலையிடத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை என்றால் கேம்பில் தன் கட்டிலையோ அறையின் தரையையோ டேப் வைத்து அளந்து, அந்த எண்களை மகளுக்கு அனுப்பட்டும், அவள் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பட்டும். அப்பா தன் கட்டில் எவ்வளவு அகலம் என்று அளந்து அனுப்பும் நாளில், அவர் எப்படிப்பட்ட இடத்தில் படுத்துத் தூங்குகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அது அவளுக்குத் தெரியலாம், தெரிய வேண்டும்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. கை போனில் இருக்கும்போது, எதிரில் இருப்பவரிடம் நாம் இல்லை. ஆனால் அவர் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கலாம். அவரும் தன் மகனிடம் 9 வருடமாகக் கூடத்தில் வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். மருமகள் எதிரில் ஒரு தாய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளா? ஒருநாள் போனை அவர் கையில் கொடுத்து, எந்த இடத்தை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள். அவர் என்ன பேசினார் என்று கேட்டுப் பார்க்காதீர்கள். கும்பகோணத்தில் ஒரு வீட்டில் இதைச் செய்யச் சொன்னேன். முதல் நாள் அந்த அம்மாள் மகன் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே இருந்துவிட்டார். பதிவானது பெயரும், பின்னால் ஓடிய மின்விசிறிச் சத்தமும்தான். அபுதாபியில் இருக்கும் மகன் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இப்போது வேலை. இதில்தான் உங்களுக்கு அதிகத் தயக்கம் என்று தெரிகிறது.

'13 ஆண்டாகப் பேசாதவர்களிடம் எப்படிக் கேட்பது' என்கிறீர்கள். அவர்களைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: வேலையைச் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? 1973-இல் வெளியான அவர் கட்டுரையில் பதில் இருக்கிறது. அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 56, வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர் என்றவர்கள் 28. காரணம் எளிது. உங்கள் தெருவில் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே செய்திதான் தெரியும். பாபநாசத்தில் எந்த லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்பது உங்கள் தங்கைக்குத் தெரிந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் தோழிக்குத் தெரிந்தது, அவர் சொன்னால் ஒழிய உங்கள் காதுக்கு வராது.

இது பழைய காலத்து ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம். வேலை தேடுகிறவர்களும் தருகிறவர்களும் கூடும் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை 5 ஆண்டுகள் வைத்துச் செய்த சோதனை ஒன்று 2022-இல் சயின்ஸ் இதழில் வந்தது. மிக நெருங்கியவரைவிட, ஓரளவு தூரத்து அறிமுகம்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது என்று அதிலும் தெரிந்தது. அறிமுகமே இல்லாத அந்நியருக்கு அடுத்த நிலையில் இருப்பவரைச் சொல்லவில்லை, 'ஓரளவு' என்கிற சொல்லைக் கவனியுங்கள். இருவருக்கும் பொதுவாகச் சிலரையாவது தெரிந்திருக்க வேண்டும். கூடப் படித்த 38 பேர் என்பது சரியாக அந்த இடம். குவைத் ஆசாமி அதில் வரமாட்டார்.

ஆனால் குழுவில் எல்லோருக்கும் பொதுவாக 'எனக்கு வேலை வேண்டும்' என்று போடாதீர்கள். முப்பத்தேழு பேரும், வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள். அதிலும் முதல் கடிதத்தில் வேலை கேட்காதீர்கள், யோசனை கேளுங்கள். நம் பக்கத்தில் ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால், அதற்கு முன்பே வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று நிற்கிறோம். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியோடு இறங்கிப் பயனில்லை. வேலை காலியாவது தண்ணீர் வருகிற மாதிரி, அது நம் கையில் இல்லை. தோழியோடு பேச்சு ஓடிக்கொண்டிருப்பது நம் கையில் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், இதை உங்கள் நினைவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"எப்படி இருக்கிறாய்? நியூபாவர் சேம்பர் கண்ணாடியில் ரத்த செல் எண்ணும்போது நீ ஓர் எண்ணிக்கை, நான் ஓர் எண்ணிக்கை சொல்லி இரண்டு பேரும் திட்டு வாங்கினோமே, இன்று அது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் லேப் பக்கமே போகவில்லை, 13 வருடம் ஆகிறது. மறுபடி வரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் லேபில் இப்போது எல்லாம் மெஷின்தானா? பார்கோடு, தினசரி கியூ.சி. (தரச் சோதனை) எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? எதைக் கற்றுக்கொண்டு வந்தால் என்னைப் போன்ற ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீ நினைக்கிறாய்? நேரம் கிடைக்கும்போது சொல், அவசரமில்லை."

இந்தக் கடிதத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய நினைவு ஒன்று, உண்மை நிலை ஒன்று, அவர் வேலையைப் பற்றி அவரால் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று. தன் தொழிலைப் பற்றி மரியாதையாக யாராவது கேட்டால் சொல்லாமல் இருப்பவர்கள் குறைவு. பதில் வரவில்லை என்றால் அவமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவுப் பணியில் பார்த்துவிட்டு, பிறகு எழுதலாம் என்று மறந்திருப்பார். மூன்று வாரம் விட்டு, அவர் வைக்கும் படத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பதில் வந்ததும் கேட்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. மருத்துவமனை லேபில் பணிபுரியும் என் சினேகிதியிடம் விசாரித்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் விட்டபோது கையால் செய்த பல சோதனைகளை இப்போது தானியங்கி இயந்திரம் செய்கிறது. ஆனால் ரத்தம் எடுக்கத் தெரிந்த கையும், முடிவு சந்தேகமாக இருந்தால் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்த கண்ணும் இன்றும் தேவை என்கிறார். அதனால் எந்த இயந்திரத்தில் பழக வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மாதம் சம்பளமில்லாமல் பழக விடுவார்களா என்றும் கேட்கலாம், சிறிய லேப்களில் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது, பதிவு. லேப் டெக்னீஷியன் உள்ளிட்டவர்களுக்காக 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் பழைய சான்றிதழோடு என்ன செய்ய வேண்டும் என்பதை, வேலையில் இருக்கிற தோழிதான் நடைமுறையாகச் சொல்ல முடியும். லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய மருத்துவமனைகள் அதைப் பார்க்கின்றன. பாபநாசத்திலும் கும்பகோணத்திலும் இருக்கும் லேப்களுக்கு அது தேவையே இல்லை, அங்கே ஒருவர் வாய் வழியாகச் சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள்.

எல்லாக் குழுவிலிருந்தும் வெளியேறலாமா என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. ஒரு வாரம் கழித்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் நிவாரணப் பணிக்குப் போயிருந்தேன். பார்த்த இடமெல்லாம் தென்னை தலை சாய்ந்து கிடந்தது. மின்சாரம் இல்லை, கோபுரங்கள் சரிந்து போன் இல்லை. ஜெனரேட்டர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மூதாட்டியின் மகன் சிங்கப்பூரில் இருந்தார். மூன்று நாள் அவருக்கு அம்மாவைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. நான்காம் நாள், அதே தெருப் பையன் ஒருவன், விழுந்த தென்னையின் மீது அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்து, சிக்னல் கிடைக்கும் இடம் வரை பைக்கில் போய், பள்ளிப் பழைய மாணவர்கள் குழுவில் போட்டிருக்கிறான். அதற்கு முன் அந்தக் குழுவில் வெறும் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும்தான் வந்துகொண்டிருந்ததாம். அன்று மாலைக்குள் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் வாங்க மூன்று நாட்டிலிருந்து பணம் வந்துவிட்டது. அந்த மகனும் சிங்கப்பூரிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்.

ஆகவே கூடப் படித்தவர்கள் குழு, தெருக் குழு, உறவினர் குழு இவற்றிலிருந்து வெளியே வராதீர்கள், சத்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். நாட்டு மருந்து, அரசியல் சண்டை, யார் சேர்த்தார் என்றே தெரியாத விற்பனைக் குழுக்கள் இவற்றிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள். அதில் மிச்சமாகும் நேரமே மாமியாரின் குறையைப் பாதி தீர்த்துவிடும்.

இந்த உறவெல்லாம் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி மனப்பாடம் செய்த வரி, கப்பலில் வந்த காகிதத்தில் இருந்தது. அது நிஜமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாரத்தை முதன்முதலாகக் காய்த்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் கையால் நட்ட செடி. அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. இன்றைக்கே கொல்லைக்குப் போய் ஒரு காயைப் பறித்து, நகத்தால் தோலைக் கீறி, மணம் எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். லீவு முடிந்து கேம்புக்குத் திரும்புகிறவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு நாரத்தை போட்டுக் காயவைக்க வெயில் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா
குடும்பநல ஆலோசகர், கும்பகோணம்